கேட்டவர்களுக்கு மட்டும்

காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று கேள்விகள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், உன் வேலையைத் தடுப்பது எது. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று அறையில் நாற்காலியே போடவில்லை. மற்ற ஐந்து பேரும் மூன்றாவது கேள்விக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். மிதுனா மட்டும் நோட்டைப் பிரிப்பாள்.

“பாத்தித் தெரு, பதினொன்னாம் நம்பர் வீடு. முப்பத்தெட்டு நிமிஷம் காத்திருந்தேன். பேசினது நாலு நிமிஷம்” என்றாள் அன்றைக்கு.

சுவரிலிருந்த பலகை அதைக் கேட்டுக்கொண்டது.

பலகை என்று சொன்னாலும் அது ஆள் உயரத் திரைதான். காரைமுனை ஊருக்குள் கடல் வரத் தொடங்கி ஏழு வருஷமாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தை ஊர் தாங்காது என்று தீர்மானமான பிறகு, நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் இருபத்திரண்டு கிலோமீட்டர் உள்ளே, மேட்டுக்குடியிருப்புக்கு மாற்றும் வேலையை இந்த ஆறு பேரிடமும் அந்தப் பலகையிடமும் ஒப்படைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை. ‘வரிசையில்’, ‘கையில்’, ‘முடிந்தது’ என்று மூன்று பத்திகள். ‘கையில்’ பத்தியில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் முடிக்காமல் விடும் பழைய சர்க்கார் வழக்கத்துக்கு இது மருந்து என்றார்கள்.

இதெல்லாம் பழைய முறைதான். புதியது, பலகைக்கு இருந்த காது. தினமும் ஆறு பேரும் சொல்லும் தடைகளை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எது வேலையை மெதுவாக்குகிறது என்று கண்டுபிடித்து, வேலை நடக்கும் முறையையே தானாக மாற்றிவிடும். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வண்டி வேறு வழியாக வரும், படிவத்தில் இரண்டு கேள்விகள் குறைந்திருக்கும். குறை சொல்ல முடியாதபடி எல்லாம் முன்பைவிடச் சரியாக நடக்கும்.

மிதுனாவுக்கு இருபத்தாறு வயது. வேலையில் சேர்ந்து நான்கு மாதமாகியும் தன்னால்தான் எல்லாம் தாமதமாகிறது என்ற எண்ணம் அவளை விடவில்லை. அதற்காகவே புதனும் வெள்ளியும் மாலையில் தாலுகா ஊர் பாலிடெக்னிக்கில் திட்ட மேலாண்மை வகுப்புக்குப் போனாள். கிருபாகரன் சார் விரயங்கள் ஏழு என்று பட்டியல் போட்டார். காத்திருப்பு, தேவையில்லாத நடை, யாரும் கேட்காததைச் செய்து அடுக்குவது. ஹோட்டலில் யாரும் கேட்காமல் நூறு தோசை சுட்டு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஆறிப்போகும் என்றது வகுப்பு. கேட்ட பிறகு சுடு, அவ்வளவுதான் இந்தப் பாடம் என்றார் அவர். மிதுனா அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். இரண்டாவது கோடு சற்றுக் கோணியதால் அந்தப் பக்கத்தையே திரும்ப எழுதினாள்.

வகுப்பு முடிந்து திட்டத்தின் வேனிலேயே திரும்புவாள். ஓட்டுநர் ஹபீப் நல்ல பேச்சுக்காரர். தோசைக் கதையைக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டுல கேட்டாலும் வராது தங்கச்சி. உங்க வாத்தியார ஒருநாள் அனுப்பு, அவளுக்குப் பாடம் எடுக்கட்டும்” என்றார்.

பாத்தித் தெரு ஊரின் கீழ்க்கோடியில், பழைய உப்பளத்தை ஒட்டி இருந்தது. பத்தொன்பது வீடுகள். உப்பளம் மூடிப் பல வருஷம் ஆகியும் தெரு அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. பதினொன்றாம் எண் வீட்டில் வேம்பு என்ற பெண்ணும் அவள் கணவன் தங்கையாவும். தங்கையாவுக்குப் பார்வை இல்லை. வேம்புக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் சரியென்றால்தான் தெரு அசையும் என்று முதல் வாரத்திலேயே மிதுனாவுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று முறை போனாள். முதல் முறை வேம்பு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் முறைதான் அந்த முப்பத்தெட்டு நிமிஷம். வேம்பு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மிதுனா எதிரே உட்கார்ந்திருந்தாள். கடைசி இறாலையும் உரித்துக் கையைக் கழுவிவிட்டு, மேட்டில் தண்ணீர் உப்பாக இருக்குமா என்று கேட்டாள் வேம்பு. இல்லை என்றாள் மிதுனா. பத்தொன்பது வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தருவார்களா என்று கேட்டாள். தருவார்கள் என்றாள்.

“ஐப்பசி பொறக்கறதுக்குள்ள வந்து கூப்புடு புள்ள. தெருவே வரும்” என்றாள் வேம்பு.

அதை மிதுனா நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆனால் வேம்பின் வார்த்தையைவிட அதற்குப் பக்கத்தில் எழுதிய முப்பத்தெட்டுதான் அவளை உறுத்தியது.

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டு வார வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். திட்டத் தலைவி ரெக்ஸ்லின் கவலையாக இருந்தார். இதே வேகத்தில் போனால் எழுபது வீடுகள் மழைக்கு மாட்டிக்கொள்ளும் என்று பலகை காட்டியது. போய்ப் போய் அழைத்தும் வண்டி வந்த அன்றைக்கு வீடு பூட்டிக் கிடக்கிறது, பாதி வண்டி காலியாகத் திரும்புகிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மிதுனா வழக்கமாகக் கடைசியில், மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் பேசுவாள். அன்றைக்கு என்ன துணிச்சலோ, கையைத் தூக்கிவிட்டாள்.

“நாம கூப்பிடப் போறதாலதான மேடம் காத்திருக்க வேண்டியிருக்கு? அவங்களே கேக்கட்டும். போன்ல ஒரு ரேகை வெச்சா போதும்னு வெச்சுடலாம். கேட்ட அன்னிக்கு வண்டி. கேட்டவங்க பூட்டிட்டுப் போக மாட்டாங்க.”

தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவள் நோட்டைப் பார்த்தாள். ரெக்ஸ்லின் மெல்லச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை முறை மாறியிருந்தது. வீட்டுக்குப் போய் அழைப்பது நின்றது. வீட்டிலிருப்பவர் ரேகை வைத்துக் கேட்டால்தான் அட்டை நகரும். ஒருவருக்காக இன்னொருவர் கேட்க முடியாது. அப்படிக் கேட்டால் மறுபடியும் யாருக்கும் வேண்டாத வேலையாகிவிடும் என்று பலகையே அந்த விதியைச் சேர்த்திருந்தது. இருக்கை நிறைந்தால்தான் வண்டி கிளம்பும்.

முதல் வாரம் நாற்பத்தொரு வீடுகள். அடுத்த வாரம் ஐம்பத்தாறு. சந்தைத் தெருக்காரர்கள் வரிசையில் முந்துவதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். சின்னப் பெண் என்று நினைத்தேன், ஆறு மாதமாக நாங்கள் தேடியதை நீ சொல்லிவிட்டாய் என்றார் ரெக்ஸ்லின். அன்று மாலை வகுப்பில் கிருபாகரன் சார் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தன் நோட்டில் எதையும் அடித்துத் திருத்தவில்லை.

மூன்றாம் வாரம்தான் கவனித்தாள். பாத்தித் தெருவிலிருந்து ஒரு வீடுகூடக் கேட்டிருக்கவில்லை.

வேலை நேரத்தில் அழைக்கப் போகக்கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை போனாள். வேம்பு வாசலிலேயே நின்றிருந்தாள். “என்ன புள்ள, கூப்புடறேன்னுட்டு ஆளையே காணும்?”

மிதுனா போனைக் காட்டி விளக்கினாள். இந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தால் போதும், அன்றைக்கே வண்டி. வேம்பு போனைப் பார்த்தாள். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தங்கையாதான் பேசினார்.

“உப்பளத்துல இருந்தப்ப, கம்பெனிக்கிட்ட கறுப்புக் கண்ணாடி கேட்டு மனு குடுத்தோம்மா. உப்பு வெயில்ல மின்னும்ல, கண்ணு அவிஞ்சு போவுது. நாப்பது பேரு ரேகை வெச்சோம். அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்க வந்தவன் அந்த மனுவையே கையில வெச்சிருந்தான். அதுல இருக்கற பேரையெல்லாம் உட்டுட்டு மத்தவங்கள மட்டும் கூப்புட்டான்.”

“ரெண்டு வருஷம் கஞ்சியில்ல” என்றாள் வேம்பு. “அதுலேருந்து இந்தத் தெருவுல எவரும் வெரல நீட்டறதில்ல. சாமி சத்தியமா வெச்சுக்கிட்டது. நீ கூப்புடு, இப்பவே பொட்டிய கட்டுறோம். கேக்க மட்டும் சொல்லாத.”

“இது அந்த மாதிரி இல்லக்கா.”

“அவனும் அப்படித்தான் சொன்னான்.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில், தடை எது என்ற கேள்வி வந்ததும், தடை என் யோசனைதான் என்றாள் மிதுனா. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பலகை கேட்டுக்கொண்டது. வெள்ளிக்கிழமை அது எதையும் மாற்றவில்லை. ஒரு பக்கம் ஒருத்தியின் வாய்வார்த்தை, இன்னொரு பக்கம் இரண்டு மடங்கு வேகம். அடுத்த திங்கட்கிழமை அவள் முறை வந்தபோது திரையில் இரண்டு கேள்விகள்தான் வந்தன. மூன்றாவது இல்லை. அவள் சொல்லும் தடைகளால் வேலை வேகமாவதில்லை என்று பலகை கற்றுக்கொண்டுவிட்டது. மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள். அவள் பிரித்த நோட்டை மூடினாள்.

வகுப்பில் கேட்டுப் பார்த்தாள். வேண்டும், ஆனால் கேட்கமாட்டார்கள், அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது சார். அப்படி ஒரு வாடிக்கையாளரே கிடையாதம்மா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

இரண்டு சுற்று, அதாவது நான்கு வாரம், முடிந்தும் கேட்காத அட்டைகளைப் பலகை வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று ஆனது. முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றும் முடிந்திருந்தன. நூற்றுக்கு நூறு, கெடுவுக்கு மூன்று வாரம் முன்பாக. சும்மா கிடக்கும் பொருளும் விரயம் என்பதால் அன்று மாலையே மீட்புப் படகுகளும் ஜெனரேட்டரும், அடுத்து மாற்ற வேண்டிய ஊரான கோடிவயலுக்குப் போய்விட்டன. அங்கே அறுநூற்றைம்பது வீடுகள்.

மிதுனா ரெக்ஸ்லினின் மேசை முன்னால் போய் நின்றாள். ரெக்ஸ்லின் கெட்டவர் இல்லை. மூன்று வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

“அறுநூத்தம்பது வீடு ரேகை வெச்சுட்டு வாசல்ல உக்காந்திருக்கு மிதுனா. அவங்கள நிறுத்தி வெச்சுட்டு, வேணாம்னு இருக்கறவங்க வீட்டு முன்னாடி போய் நிக்கச் சொல்றியா?”

“வேணாம்னு சொல்லல மேடம். கூப்பிட்டா வர்றேன்றாங்க.”

“கூப்பிடறதுல எவ்வளவு நேரம் போச்சுன்னு நீதான எழுதி எழுதிக் குடுத்தே?” ரெக்ஸ்லின் குரலில் கோபமில்லை. “உன்னைக் குத்திக் காட்டல. எனக்கும் வேற வழி தெரியல. கோடிவயல் முடியட்டும், நானே வந்து கூப்பிடறேன்.”

வியாழக்கிழமை குழு கோடிவயலுக்குக் கிளம்புவதாக இருந்தது. புதன்கிழமை காலையிலேயே காற்று திசை மாறியது. வெள்ளிக்கிழமை கரையைக் கடக்கும் என்று சொன்ன புயல் அந்தப் புதன் சாயங்காலமே வரும் என்று வானொலியில் சொன்னார்கள். கோடிவயலில் ஆள் போதாது என்று மற்ற ஐந்து பேரும் பத்து மணி ஜீப்பில் கிளம்பினார்கள். பலகையை அணைத்துவிட்டு மதிய வண்டியில் வந்துவிடுகிறேன் என்று மிதுனா பின்தங்கினாள்.

முதலில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். காரைமுனையில் மீதி ஆள் பூஜ்யம் என்று எங்களுக்கு வந்திருக்கிறதே என்றது ஒரு குரல். இருக்கிறார்கள் என்றாள். அப்படியானால் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் செய்ததை நிதானமாகவே செய்தாள். விதிகளை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தாள். வீட்டில் இருப்பவர் மட்டுமே கேட்கலாம். சரி. போனில் தன் இருப்பிடத்தை மாற்றினாள்: பாத்தித் தெரு, எண் பதினொன்று. உடனே ஒரு அறிவிப்பு வந்தது. பயனாளி பணியாளராக இருக்க முடியாது என்பதால் அவள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். அதையும் படித்தாள். ரேகை வைத்தாள். சுவரில், ‘வரிசையில்’ பத்தியில் ஒரு புதிய அட்டை முளைத்தது. கண் முன்னாலேயே அது ‘கையில்’ பத்திக்கு நகர்ந்தது. வண்டி ஒன்றரை மணிக்கு.

பதினொன்றாம் எண்ணுக்கு வண்டி வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பாத்தித் தெருவுக்கு ஓடி, கூப்பிட வந்திருக்கிறேன் என்றாள் வேம்பிடம். வேம்பு வேறெதுவும் கேட்கவில்லை. பத்தொன்பது வாசலுக்கும் குரல் போயிற்று. அரை மணிக்குள் மூட்டைகளும் பெட்டிகளும் பாத்திரங்களும் தெருவுக்கு வந்துவிட்டன. எண்பத்துமூன்று பேர். மிதுனா எண்ணிப் பார்த்துக்கொண்டாள். வேன் ஐந்தாறு நடை போனால் முடியும். மேட்டுக்குப் போகும் வழியிலுள்ள பாலத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒன்றரைக்கு ஹபீபின் வேன் வந்தது. ஜன்னலெல்லாம் முகங்கள். வழியிலுள்ள வேறு ஊர்களில் கேட்டவர்கள்.

“ஒரு ஆளுக்குத்தான் தங்கச்சி இடம்” என்றார் ஹபீப். தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. “ஒரு ஆளுன்னுதான் போட்டிருக்கு. மத்தத வர்ற வழியிலேயே நிரப்பிட்டுத்தான் பலகை அனுப்புது.”

“இறக்கிட்டுத் திரும்பி வருவீங்களாண்ணே?”

“பாலத்துல இப்பவே முழங்கால் தண்ணி. திரும்பிப் போறதே சந்தேகம். சீக்கிரம் ஏறு.”

வேனின் தரையில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். மடியில் குழந்தைகள், குழந்தைகளின் மடியில் மூட்டைகள். ஹபீப் பொய் சொல்லவில்லை. மிதுனா திரும்பி வேம்பைப் பார்த்தாள். வேம்பு அவளைப் பார்க்காமல், ஒன்பதாம் எண் வீட்டு மருமகள் ராசாத்தியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. ராசாத்தி வரமாட்டேன் என்று அழுதாள். வேம்பு அவளைத் திட்டிக்கொண்டே ஏற்றினாள்.

ஏறும்போது ரேகை வைக்க வேண்டும். கேட்டவரின் ரேகையே வேண்டும். ஹபீப் கருவியை நீட்டினார். மிதுனா கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஹபீப் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

வேன் கண்ணுக்கு மறைந்த பிறகு எல்லோரும் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். திட்ட அலுவலகம் அதன் மாடியில்தான் இருந்தது. ஊரில் உயரமான கட்டடமும் அதுதான். தங்கையா வேம்பின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மொட்டை மாடியில் நின்று பார்த்தபோது, கடல் எது, உப்பளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாத்தித் தெருவின் முதல் வீடுகளுக்குள் தண்ணீர் போயிருந்தது.

போனில் ஒரு செய்தி வந்திருந்தது. உங்கள் இடமாற்றம் முடிந்தது, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் தருவீர்கள். மிதுனா அதைத் தள்ளிவிட்டு ரெக்ஸ்லினை அழைத்தாள். நான்காவது முறை கிடைத்தது. இரைச்சலுக்குள் ரெக்ஸ்லினின் குரல்.

“உனக்குத்தான் பயந்துட்டு இருந்தேன். இப்பத்தான் பலகையில பாத்தேன், நீ மேட்டுக்கு வந்து சேந்துட்டேன்னு. நல்லவேளை. நாளைக்குப் பேசலாம், இங்க…”

“மேடம், நான் இங்கதான்” என்று மிதுனா சொன்னபோது எதிர்முனையில் யாரும் இல்லை. சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றுமில்லாமல் போயின. மறுபடி அழைத்தாள். மறுபடியும்.

அவள் முகத்தையே வேம்பு பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்தது, மிதுனா விரலை வைத்தாள், ராசாத்தியை ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். வேம்பு நனைந்த முந்தானையில் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தாள். முப்பது வருஷம் மடக்கி வைத்திருந்த விரல்.

“எங்க வெக்கணும்னு காட்டு புள்ள.”

மிதுனா மறுபடி ரெக்ஸ்லினின் எண்ணை அழுத்தினாள்.

“நாங்க கேக்காததாலதான வண்டி வரல? கேக்குறேன். காட்டு.”

மிதுனா போனை நீட்டினாள். வேம்பு விரலை வைத்தாள். வைத்த பிறகும் எடுக்காமல், பயந்தவள்போல அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் எழுத்துகள் வந்தன. உங்கள் கோரிக்கை சேமிக்கப்பட்டது. இணைப்பு கிடைத்ததும் அனுப்பப்படும்.

“போயிடுச்சா?” என்றாள் வேம்பு.

முப்பத்தெட்டு நிமிஷத்தை நாற்பது என்றுகூட எழுதாதவள் மிதுனா.

“போயிடுச்சுக்கா” என்றாள்.

வேம்பு கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வீட்டு எண் வரிசையில் நிற்கும்படி வேம்பு அதட்டினாள். தங்கையா தன் கையைக் காற்றில் நீட்டி, போன் எங்கே இருக்கிறது என்று தடவினார். மிதுனா அந்த விரலைப் பிடித்து, ஈரத்தைத் துடைத்து, சரியான இடத்தில் வைத்தாள்.